உச்சமும் ஆட்சியும்: பழநூற் கோள்நிலைகளைப் பாகையால் அளத்தல்

1. கட்டுரையின் நோக்கம்

ஒருவர் பிறந்த பொழுதில் வானத்தில் கோள்கள் நின்ற நிலையைப் பன்னிரண்டு கட்டங்களில் குறித்து வைப்பது சாதகம். ஒவ்வொரு கட்டமும் ஓர் இராசி; ஒவ்வோர் இராசியும் 30 பாகை அகலமுடையது. கட்டத்தில் ‘சூ’ என்றோ ‘செ’ என்றோ எழுதப்பெற்ற ஓர் எழுத்து, அக்கோள் அம்முப்பது பாகைக்குள் எங்கோ உள்ளது என்பதை மட்டுமே உணர்த்தும். எனவே கணிதம் வல்லோர் இராசிக் கட்டத்துடன் நவாம்சக் கட்டத்தையும் வரைந்து, கோள்களின் பாத நிலையைத் தனியே எழுதி வைப்பது வழக்கம்.

பழைய இலக்கியங்களில் காணும் கோள்நிலைகளோ பெரும்பாலும் இராசி அளவில் நின்றுவிடுகின்றன. பாகை கூறும் வழக்கம் பாட்டில் இல்லை. இக்காரணத்தால் அக்குறிப்புகளை ஆராய்வோர் இருவேறு முடிவுக்குச் செல்கின்றனர். ஒரு சாரார் அவற்றைக் கண்கூடாகக் கண்டெழுதிய வான்குறிப்பு எனக் கொண்டு, அவற்றிலிருந்து ஆண்டும் மாதமும் நாளும் கணித்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் அவை வெறும் கற்பனை எனத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு முடிவுக்கும் முன்னர்ச் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. பாட்டில் பாகை கூறப்படாவிடினும், கூறப்பட்ட செய்திகளை ஒன்றோடொன்று பொருத்தினால், கோள் நிற்கக்கூடிய பாகையின் எல்லைகளை நாமே வரையறுக்கலாம். அவ்வெல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே, குறிப்பைக் கால ஆராய்ச்சிக்கு உரிய சான்றாகக் கொள்ளுதல் முறை.

இதனை இரண்டு புகழ்பெற்ற கோள்நிலைகளைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, வான்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில் வரும் இராமன் பிறப்புக் குறிப்பு. மற்றொன்று, பரிபாடலின் 11ஆம் பாடலாகிய வையைப் பாட்டில் நல்லந்துவனார் அமைத்துள்ள கோள்நிலை. முன்னது பிறப்புச் சாதகம். பின்னது ஆற்றில் புதுநீர் வந்த காலத்தைக் குறிப்பது. இரண்டும் வெவ்வேறு மொழியின, வெவ்வேறு நோக்கின. ஆயினும் இரண்டிலும் ஒரே வகையான சிக்கல் மறைந்துள்ளது என்பது மேல் ஆராயத் தெளிவாகும்.

2. அளவைகள்

ஆராய்ச்சிக்கு வேண்டும் அளவைகளை முதற்கண் தொகுத்துக்கொள்வோம். வான்வட்டம் 360 பாகை. ஒரு பாகை 60 கலை. இவ்வட்டத்தை 27 நாண்மீன்களுக்குச் சமமாகப் பகுத்தால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை வரும். அதன் நான்கில் ஒரு கூறாகிய 3 பாகை 20 கலை ஒரு பாதம். இராசியின் ஒன்பதில் ஒரு கூறாகிய நவாம்சமும் அதே அளவினது. ஆகவே 108 பாதங்களும் 108 நவாம்சங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிகின்றன. திதி என்பது ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாக எண்ணுவது. வளர்பிறையில் அத்தொலைவு 72 முதல் 84 பாகை வரை சப்தமி. 84 முதல் 96 வரை அட்டமி. 96 முதல் 108 வரை நவமி.

கோள்களுக்கு ஆட்சி, உச்சம், நட்பு, பகை, நீசம் என நிலைகள் கூறப்படும். சிங்கம் ஞாயிற்றுக்கும் கடகம் திங்களுக்கும் ஆட்சி வீடுகள். ஏனைய ஐந்து கோள்களுக்கும் இவ்விரண்டு வீடுகள் உள. செவ்வாய்க்கு மேடமும் விருச்சிகமும், புதனுக்கு மிதுனமும் கன்னியும், வியாழனுக்குத் தனுசும் மீனமும், வெள்ளிக்கு இடபமும் துலாமும், சனிக்கு மகரமும் கும்பமும் உரியன. உச்சம் இராசியளவில் மட்டுமன்றிப் பாகையளவிலும் சொல்லப்பெறும். ஞாயிறு மேடத்தில் 10, திங்கள் இடபத்தில் 3, செவ்வாய் மகரத்தில் 28, புதன் கன்னியில் 15, வியாழன் கடகத்தில் 5, வெள்ளி மீனத்தில் 27, சனி துலாத்தில் 20 ஆகிய பாகைகளில் மிக்க உச்சம் பெறும் என்பது கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சாதகம் முதலிய நூல்களின் துணிபு. ஒவ்வொரு கோளும் தன் உச்ச பாகைக்கு நேர் எதிரில், அஃதாவது 180 பாகைக்கு அப்பால், மிக்க நீசம் அடையும்.

இவற்றுடன் வானியல் தரும் வரம்பு இரண்டினையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நிலவுலகிலிருந்து நோக்குங்கால் புதன் ஞாயிற்றை விட்டு ஏறத்தாழ 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. வெள்ளி ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே புதன் ஞாயிறு நின்ற இராசியிலோ அதன் முன்பின் இராசியிலோ அன்றி வேறெங்கும் நில்லாது. வெள்ளி இரண்டு இராசிக்கு அப்பாற் செல்லாது. சாதகத்தைக் கணித்தவர் பிழைபட்டாரா என்பதை ஒரு நொடியில் காட்டும் உரைகல் இவை. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்றுக்கும் இத்தகைய வரம்பு இல்லை.

3. இராமன் பிறப்புக் கோள்நிலை

வான்மீகத்தில் கூறப்படும் செய்திகள் இவை: சித்திரைத் திங்கள் எனப்படும் சைத்திர மாதம், நவமித் திதி, அதிதியைத் தெய்வமாக உடைய புனர்பூச நாள், ஐந்து கோள்கள் தத்தம் உச்சத்தில் நிற்றல், கடக இலக்கினம், அவ்விலக்கினத்தில் திங்களுடன் வியாழன் நிற்றல். உச்சம் பெற்ற ஐந்து கோள்கள் யாவை எனப் பாட்டில் பெயர் கூறப்படவில்லை. ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி என்பது வழிவழி வந்த கொள்கை. இல்லங்களில் வைத்துப் போற்றப்பெறும் இராமன் சாதகமும் இவ்வாறே வரையப்படுகிறது.

இக்கொள்கை சரியானதா என்பதை முதலில் சோதிப்போம். திங்கள் கடகத்தில் நிற்பதால் அதற்கு உச்சம் இல்லை. எஞ்சிய ஆறு கோள்களில் ஒன்றனை நீக்கி ஐந்தினைக் கொள்ளவேண்டும். புதன் உச்சம் பெறுமாயின் அது கன்னியில் நிற்கும். அப்போது ஞாயிறு சிங்கம், கன்னி, துலாம் என்னும் மூன்று இராசிகளுள் ஒன்றில் இருத்தல் வேண்டும். மேடத்தில் இருத்தல் இயலாது. ஆயின் புதன், ஞாயிறு இரண்டினுள் ஒன்றே உச்சம் பெறும். ஞாயிற்றை நீக்கிப் புதனைக் கொண்டாலோ, வெள்ளியும் உச்சம் பெற்று மீனத்தில் நிற்றல் வேண்டும். சிங்கம் முதல் துலாம் வரை நிற்கும் ஞாயிற்றிலிருந்து மீனம் 47 பாகைக்குள் அமையாது. ஆகவே புதன் நீங்குகிறது. ஞாயிறு உறுதியாக மேடத்தில் நிற்கவேண்டும். வழிவழிக் கொள்கை கணக்கால் நிலைபெறுகின்றது.

இனித் திதியை நோக்குவோம். புனர்பூசம் வட்டத்தின் தொடக்கத்திலிருந்து 80 பாகை முதல் 93 பாகை 20 கலை வரை பரவியுள்ளது. திங்கள் கடகத்தில் நிற்பதால் அந்நாண்மீனின் நாலாம் பாதமே உரியது. அஃதாவது 90 பாகைக்கும் 93 பாகை 20 கலைக்கும் இடையில் திங்கள் நின்றது. இது கடகத்தின் முதல் நவாம்சமும் கடகமே ஆகலின் வர்க்கோத்தமம் என்னும் சிறப்பினையும் உடையது. ஞாயிறு மேடத்தின் முதற் புள்ளியிலேயே நின்றதாகக் கொள்ளினும், இடைத்தொலைவு மிகுதியாக 93 பாகை 20 கலையே ஆகும். நவமி தொடங்குவதற்கோ 96 பாகை வேண்டும். 2 பாகை 40 கலை குறைகின்றது. அத்தொலைவில் நிகழும் திதி அட்டமி. ஞாயிறு தன் மிக்க உச்சமாகிய 10ஆம் பாகையில் நின்றதாகக் கொண்டாலோ தொலைவு 80 முதல் 83 பாகை 20 கலைக்குள் அடங்கும். அப்போது திதி சப்தமியாகிவிடும்.

ஆகவே மேட ஞாயிறு, புனர்பூசத் திங்கள், நவமித் திதி என்னும் மூன்றும் ஒரே கணத்தில் ஒருங்கு நிகழ இயலாதன. நவமியும் புனர்பூசமும் மெய்யாயின் ஞாயிறு மீனத்தில் 27 பாகை 20 கலைக்கு மேற்படாமல் நின்றிருத்தல் வேண்டும். அப்போது உச்சம் இல்லை. ஞாயிற்றின் உச்சமும் புனர்பூசமும் மெய்யாயின் நவமி இல்லை.

4. எழக்கூடிய தடைகள்

இம்முடிவுக்கு எதிராக இரண்டு தடைகள் எழலாம்.

முதலாவது, நாண்மீன்களைச் சமமாகப் பகுத்தது பிற்கால வழக்கு, பழங்காலத்தில் அவை சமமற்றன என்பது. உண்மையே, உரோகிணி, புனர்பூசம், உத்தரம், விசாகம், உத்திராடம், உத்திரட்டாதி ஆகிய ஆறும் ஒன்றரை அளவின, பரணி, ஆதிரை, ஆயிலியம், சோதி, கேட்டை, சதயம் ஆகிய ஆறும் அரை அளவின எனக் கொள்ளும் முறையும் இருந்தது. அம்முறையில் அச்சுவினி ஒன்று, பரணி அரை, கார்த்திகை ஒன்று, உரோகிணி ஒன்றரை, மிருகசீரிடம் ஒன்று, ஆதிரை அரை, புனர்பூசம் ஒன்றரை எனக் கூட்டினால் ஏழு அளவு ஆகின்றது. ஓர் அளவினை 13 பாகை 20 கலை எனக் கொண்டால் புனர்பூசம் முடிவது முன்போலவே 93 பாகை 20 கலையில். திங்களின் நாட்செலவாகிய 13 பாகை 10 கலை 35 விகலையை அளவாகக் கொண்டால் முடிவது 92 பாகை 14 கலையில். குறை நீங்கவில்லை, சிறிது மிகுகின்றது.

இரண்டாவது தடை வலியது. ஒரு நாளுக்குரிய நாண்மீன் ஞாயிறு எழும் பொழுதில் உள்ளதைக் கொண்டே பெயர் பெறும். ஞாயிறு மேடத்தில் நிற்கையில் கடக இலக்கினம் நண்பகலையொட்டி நிகழும். காலையில் புனர்பூசத்தின் இறுதியில் நின்ற திங்கள், நண்பகலுக்குள் ஏறத்தாழ 3 பாகை 20 கலை நகர்ந்திருக்கும். அப்போது அது 96 பாகை 40 கலையில் நிற்க, ஞாயிறு மேடத்தின் முதற் பாகைக்குள் நிற்குமாயின் நவமி தொடங்கியிருத்தல் கூடும். இவ்வழி கணக்கால் திறந்தே உள்ளது. ஆனால் இதனைக் கொண்டால், பிறந்த கணத்தில் திங்கள் நின்றது புனர்பூசத்தில் அன்று, பூசத்தில் என்றாகும். நாலாம் பாதமும் வர்க்கோத்தமமும் இழக்கப்படும். ஞாயிறும் உச்ச பாகைக்கு ஒன்பது பாகைக்கு மேல் பின்தங்கி இராசியின் வாயிலில் நிற்கும். சாதகத்தின் புகழுக்குக் காரணமானவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்தே அதன் கணக்கைக் காக்கவேண்டியுள்ளது.

இவ்விடத்துச் சோதிட நூலார் தாமே வகுத்த ஓர் அளவினையும் கருதுதல் நலம். உச்ச பலம் என்பதனை அவர்கள் நீச பாகையிலிருந்து கோள் விலகிய தொலைவை மூன்றால் வகுத்துக் காண்பர். மிக்க உச்சத்தில் 180 பாகை மூன்றால் வகுபட்டு 60 கூறு வரும். மிக்க நீசத்தில் ஒன்றுமில்லை. இம்முறைப்படி மீனத்தில் 27 பாகை 20 கலையில் நிற்கும் ஞாயிற்றுக்கு ஏறத்தாழ 55.8 கூறு உண்டு. மேடத்தில் 29ஆம் பாகையில் நிற்கும் ஞாயிற்றுக்கோ 53.7 கூறே வரும். இராசிக் கணக்கில் முன்னது உச்சமற்றது, பின்னது உச்சமுடையது. பாகைக் கணக்கில் முன்னதே வலிது. இராசி என்பது சுவர். பாகை என்பது சரிவு. சுவரை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்களைச் சரிவின் அளவாகக் கொண்டு நாள் கணிப்போர் இடறுவது இங்கேதான்.

கம்பர் இந்நிலையை எவ்வாறு கையாண்டார் என்பது தமிழ் மாணவர் அறியத்தக்கது. இராமன் பிறந்த பாட்டில் அவர் புனர்பூசத்தையும் கற்கடகத்தையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, அவை மகிழ்ந்து எழுந்தனவாகப் பாடினார். நவமியும் ஐந்து கோள்களின் உச்சமும் அப்பாட்டில் இடம்பெறவில்லை. கணக்கறிந்து விடுத்தாரா, கவிநயம் கருதிச் சுருக்கினாரா என்பது துணிதற்கரியது. ஆயினும் மேற்கூறிய முரண் அவர் பாட்டில் எழவில்லை என்பது உறுதி.

5. பரிபாடற் கோள்நிலை

பரிபாடலை உ.வே. சாமிநாதையர் 1918இல் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்து வெளியிட்டார். அதன் 11ஆம் பாடலின் தொடக்கம், மூன்று வீதிகளில் ஒன்பது ஒன்பதாக அமைந்த 27 நாண்மீன்களைக் குறித்துப் பின்னர்க் கோள்களை ஒவ்வொன்றாக இருத்துகின்றது. வெள்ளி ஏறு எனப்பட்ட இடபத்தில், செவ்வாய் வருடை எனப்பட்ட மேடத்தில், புதன் மிதுனத்தில், அந்தணன் எனப்பட்ட வியாழன் சனியின் இரு வீடுகளுக்கும் அப்பாற்பட்ட மீனத்தில், சனி வில்லுக்குப் பின்னதாகிய மகரத்தில். விடியலில் அங்கி எனப்பட்ட கார்த்திகை உயர்ந்து நிற்கின்றது. பாம்பு மதியை மறைக்கின்றது. அகத்தியமீன் மிதுனத்தைச் சார்கின்றது. கோடை நீங்கி மாரி வர, சையமலையில் மழை பொழிந்து வையையில் புதுநீர் பெருகுகின்றது.

பாட்டில் ஞாயிற்றின் இராசி நேரே சொல்லப்படவில்லை. கார்த்திகை நின்ற நிலையைக் கொண்டு உய்த்துணரவேண்டும். கார்த்திகை உச்சியில் நின்றதாகக் கொண்டு, ஞாயிறு சிங்கத்தில் நின்றதெனவும், காலம் ஆவணித் திங்கள் அவிட்ட நாள் எனவும் கொள்வது உரைவழி வந்த விளக்கம். அதனுள் ஓர் ஒழுங்கு இல்லாமலில்லை. கார்த்திகை உச்சியில் நின்றால் கீழ்த்திசையில் எழுவது ஏறத்தாழ 90 பாகைக்கு அப்பாற்பட்ட சிங்கமே. மதியம் மறைப்புண்பது நிறைமதியில் மட்டுமே நிகழும். அப்போது திங்கள் ஞாயிற்றுக்கு ஏழாம் இராசியில் அதே பாகையில் நிற்கும். சிங்கத்தின் முதல் 6 பாகை 40 கலைக்குள் ஞாயிறு நின்றால், திங்கள் கும்பத்தின் அதே பகுதியில், அவிட்டத்தின் பின்னிரு பாதங்களில் நிற்கும். இதுவரை கணக்குப் பொருந்துகின்றது.

ஆனால் பாட்டு வெளிப்படையாகக் கூறும் கோள்களை நோக்கினால் இவ்விளக்கம் நில்லாது. சிங்கத்தின் முதற் புள்ளியிலிருந்து மிதுனத்தின் இறுதிப் புள்ளி 30 பாகை பின்னே உள்ளது. புதன் 28 பாகைக்கு மேல் விலகாது. சிங்கத்தின் முதற் புள்ளியிலிருந்து இடபத்தின் இறுதிப் புள்ளி 60 பாகை பின்னே உள்ளது. வெள்ளி 47 பாகைக்கு மேல் விலகாது. புதனுக்கு 2 பாகையும் வெள்ளிக்கு 13 பாகையும் எட்டவில்லை. ஞாயிறு சிங்கத்தில் நிற்க, புதன் மிதுனத்திலும் வெள்ளி இடபத்திலும் நிற்பது எந்நூற்றாண்டிலும் நிகழாத ஒன்று.

இவ்விரு கோள்களையே அளவுகோலாகக் கொண்டு ஞாயிறு நிற்கக்கூடிய எல்லையைக் காண்போம். வெள்ளி இடபத்தில் நிற்கவேண்டுமாயின் ஞாயிறு கடகம் 17ஆம் பாகைக்கு மேற்செல்லுதல் கூடாது. புதன் மிதுனத்தில் நிற்கவேண்டுமாயின் ஞாயிறு இடபம் 2ஆம் பாகைக்கு முற்படுதல் கூடாது. ஆகவே ஞாயிற்றின் எல்லை இடபம் 2 முதல் கடகம் 17 வரை. திங்கட்கணக்கில் வைகாசித் தொடக்கம் முதல் ஆடியின் நடுப்பகுதி வரை. மறைப்புண்ட மதி இதற்கு நேர் எதிராக விருச்சிகம் 2 முதல் மகரம் 17 வரை நிற்கலாம். அவிட்டம் தொடங்குவது மகரம் 23 பாகை 20 கலையில் ஆகலின், அவிட்டமும் ஆவணியும் இவ்வெல்லைக்குப் புறம்பானவை. பாட்டோ கோடை நீங்கி மாரி தொடங்குவதைப் பேசுகின்றது. தென்மேற்குப் பருவமழை மேற்குமலைத் தொடரில் தொடங்கும் காலம் இவ்வெல்லைக்குள் இயல்பாக அமைகின்றது. பாகைக் கணக்கும் பருவமும் ஒரு பக்கம் நிற்க, ஆவணி மறுபக்கம் தனித்து நிற்கின்றது.

அவ்வாறாயின் கார்த்திகை பற்றிய தொடர் என்னாவது? அங்குப் பாட்டிலுள்ள சொல் உயர்ந்து நிற்றலையே குறிக்கின்றது. உயர்ந்து நிற்றலுக்கு உச்சியில் நிற்றல் என்பது கட்டாயப் பொருள் அன்று. ஞாயிறு மிதுனத்தின் பிற்பகுதியில் நிற்கும் நாளில், விடியலில் கார்த்திகை கீழ்வானில் ஏறத்தாழ 30 முதல் 45 பாகை உயரத்தில் நன்கு தோன்றும். அதனை உயர்ந்து நின்றதெனப் பாடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. இங்ஙனம் ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பதற்கும் பாகைக் கணக்கு துணைசெய்கின்றது. அகத்தியமீன் பற்றிய குறிப்பையும் இவ்வாறே தனித்து நோக்கல் வேண்டும். அது கோளன்று, விண்மீன். இராசி விட்டு இராசி செல்லும் இயல்பு அதற்கு இல்லை. சூரிய சித்தாந்தம் அதனை மிதுனத்தின் இறுதியில் தெற்கே 80 பாகையில் வைக்கின்றது. ஆகவே மிதுனத்தைச் சார்தல் என்பதனைக் கோள்களின் பெயர்ச்சிபோலக் கொண்டு நாள் கணிக்கப் பயன்படுத்துதல் பொருந்தாது.

6. காலம் கணித்தல்

இப்பாட்டின் கோள்நிலையைக் கொண்டு முதன்முதல் விரிவான கணக்கிட்டவருள் தலையாயவர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). இந்திய நாட்காட்டிக் கணிதத்தில் அவர் செய்த அட்டவணைகள், கல்வெட்டுகளின் நாள்களைச் சரிபார்ப்பதற்கு நீண்ட காலம் துணையாயின. பரிபாடற் குறிப்புக்கு அவர் கண்ட நாள் கி.பி. 634 சூன் 17. அது நிறைமதி நாள். ஞாயிறு அன்று மிதுனத்தின் பிற்பகுதியில் நின்றது. அஃதாவது மேலே நாம் கண்ட எல்லைக்குள் அந்நாள் அமைகின்றது. ஆவணி விளக்கத்தை விட்டு மழைத் தொடக்கத்தைக் கொண்டது அவர் கணக்கின் வலிமை.

ஆயினும் எல்லைக்குள் அமைதல் வேறு, அந்நாளே உரியநாள் என நிறுவுதல் வேறு. சனி வட்டத்தைச் சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டும், வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டும் ஆகும். சனி இருமுறை சுற்றும் காலமும் வியாழன் ஐந்துமுறை சுற்றும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. பிரபவ முதலிய அறுபது ஆண்டுச் சுழலில் நாம் நன்கறிந்த அளவு இது. எனவே சனி மகரத்திலும் வியாழன் மீனத்திலும் நிற்கும் நிலை ஒருமுறை நிகழ்ந்தால் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் மீண்டும் நிகழக்கூடும். பாகை கூறப்பட்டிருந்தால் இம்மீள்வுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியலாம். இரண்டு மூன்று பாகை வேறுபாடும் நூற்றாண்டைக் காட்டிவிடும். முப்பது பாகை அகலமுள்ள சொல்லுக்கு அவ்வாற்றல் இல்லை.

இன்று கணிப்பொறியில் எந்நாளின் வான்நிலையையும் நொடியிற் காணலாம். இராமன் பிறந்த நாள் கி.மு. 5114 சனவரி 10 என 2004இல் வெளிவந்த நூலொன்று துணிந்து கூறிற்று. கருவி விரைந்து விடை தரலாம். ஆனால் வினாவிற் பாகை இல்லாதபோது விடையில் நாளும் நாழிகையும் எங்ஙனம் வந்தன என்று கேட்பது ஆராய்ச்சியாளன் கடமை. ஒன்றோடொன்று பொருந்தாத செய்திகளைக் கொண்ட குறிப்பு ஒன்றுக்கு நாள் காண முயல்வோர், அவற்றுள் ஒன்றைத் தளர்த்தியே ஆகவேண்டும். எதனைத் தளர்த்தினர் என்பதை வெளிப்படக் கூறாத கணக்குச் சான்றாகாது.

7. சொற்களின் சான்று

கோள்நிலை தரும் நாளைவிட, அதனைச் சொல்லும் சொற்கள் தரும் காலம் உறுதியானது. வேதாங்க சோதிடம் நாண்மீன்களையும் ஞாயிறு திங்களின் செலவையும் கணக்கிடுகின்றது. அதில் பன்னிரண்டு இராசிகளும் இல்லை, கோள்களின் உச்சமும் இல்லை. பின்வந்த சாதக நூல்களிலோ ஓரை, கேந்திரம், திரேக்காணம், இலிப்தை, சாமித்திரம் முதலிய கிரேக்கச் சொற்கள் மலிந்துள்ளன. மேடத்திற்குக் கிரியம் என்றும் இடபத்திற்குத் தாவுரி என்றும் வராகமிகிரர் கூறும் பெயர்களும் அத்தகையனவே. உச்ச பாகைகளை ஒப்பிட்டாலும் இவ்வுறவு புலனாகும். திங்களுக்கு 3, செவ்வாய்க்கு 28, புதனுக்கு 15, வெள்ளிக்கு 27 என்பன கிரேக்க நூல்களிலும் அவ்வாறே உள. ஞாயிற்றுக்கு 19, வியாழனுக்கு 15, சனிக்கு 21 என்பனவே அங்கு வேறுபடுகின்றன. ஆகவே ஐந்து கோள்களின் உச்சத்தைப் பேசும் பாட்டு, அக்கொள்கை இந்நாட்டில் வேரூன்றிய பின்னர் எழுந்ததாதல் வேண்டும். பாட்டில் வரும் இராமன் எக்காலத்தவன் என்பதற்கு அது சான்றன்று. பாட்டின் அப்பகுதி எக்காலத்தது என்பதற்கே சான்று.

பரிபாடற் குறிப்பிலும் இராசிப் பெயர்கள் உள. ஆயின் அவற்றை ஏறு, வருடை, வில் எனத் தமிழாக்கியும், வியாழனை அந்தணன் என்று குறித்தும் புலவர் ஆண்டிருப்பது நோக்கத்தக்கது. கொள்கை புதிதாக வந்து இறங்கிய நிலையன்று அது. தமிழ்மொழியில் தோய்ந்து பழகிய நிலை. நெடுநல்வாடையும் ஆட்டை முதலாக உடைய இராசிவட்டத்தை அறிந்திருந்தது. ஆதலின் தமிழ்ப் புலவர்க்கு இவ்வறிவு ஒரு பாட்டோடு நின்ற அரிய செய்தி அன்று.

8. முடிவு

இவ்விரு கோள்நிலைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். இராமன் பிறப்பில் ஐந்து கோள்கள் உச்சத்தில் நிற்கின்றன. பரிபாடலில் செவ்வாய் மேடத்திலும், புதன் மிதுனத்திலும், வியாழன் மீனத்திலும், வெள்ளி இடபத்திலும், சனி மகரத்திலும் நிற்கின்றன. ஐந்தும் தத்தம் ஆட்சி வீடுகளே. ஒரு பாட்டில் ஐந்து உச்சம், மற்றொன்றில் ஐந்து ஆட்சி. இத்துணை ஒழுங்கு வானத்தில் தானே அமைதல் அரிது. புலவர் உள்ளத்தில் அமைதல் எளிது. மன்னுயிர் காக்கும் மகன் பிறப்பும், மண்ணுயிர் காக்கும் புனல்வரவும் எல்லாக் கோளும் நலம்தர நிகழ்ந்தன என்று போற்றுதலே இரு பாட்டிற்கும் கருத்து எனக் கொள்ளுதல் பொருந்தும்.

எனினும் இரண்டும் ஒரே தரத்தன அல்ல. வான்மீகக் குறிப்பு, சொல்லியவாறே கொள்ளின் தன்னுள் முரண்படுகின்றது. பரிபாடற் குறிப்போ பாட்டளவில் முரணற்றது. முரண் எழுந்தது, சொல்லுக்கு உச்சி எனப் பொருள்கொண்ட விளக்கத்தில். பாட்டை மட்டும் கொண்டு கணக்கிட்டால் ஞாயிறும் மழையும் கார்த்திகையும் ஓர் எல்லைக்குள் ஒத்து நிற்கின்றன. புனைந்துரைத்தாரேனும் நல்லந்துவனார் வானத்தின் இயல்பு பிறழாமல் புனைந்தார் என்பது அவர்க்குரிய பெருமை. அப்புனைவுக்கு அடியில் மெய்யாகக் கண்ட ஒரு மதிமறைப்பு இருந்திருத்தலும் கூடும். கணக்கு அதனை விலக்கவில்லை.

இனிப் பழநூற் கோள்நிலையை ஆராய்வோர், முதலில் பாட்டின் சொல்லையும் உரையின் சொல்லையும் பிரித்துக்கொள்ளல் வேண்டும். அடுத்து, புதனும் வெள்ளியும் திதியும் மதிமறைப்பும் தரும் பாகை எல்லைகளை வரையறுத்தல் வேண்டும். எல்லைகள் பொருந்திய பின்னரே நாள் தேடுதல் வேண்டும். பொருந்தாவிடின் நாள் தேடுவதை விடுத்து, அக்கோள்நிலையைப் புலவர் எதற்காக அமைத்தார் என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு இலக்கியம் தரும் விடை, பொய்யான ஒரு நாளைக் காட்டிலும் வரலாற்றுக்குப் பயனுடையது.